வீட்டிலேயே புருஸ்கெட்டா: புதுச்சேரிச் சமையலறைக்கான முழுமையான வழிகாட்டி

புருஸ்கெட்டா என்பது அடிப்படையில் ரொட்டிப் பலகாரம். இத்தாலியின் நடுப்பகுதியில், குறிப்பாக டஸ்கனி, லாட்சியோ, உம்ப்ரியா ஆகிய பகுதிகளில், கரியில் சுட்ட ரொட்டித் துண்டின்மேல் பச்சைப் பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி உண்பதே அதன் ஆதி வடிவம். ஆலிவ் அறுவடை நடக்கும் நவம்பர் மாதத்தையொட்டி, செக்கிலிருந்து இறங்கிய புது எண்ணெயின் சுவையை அறிவதற்கு இன்றும் அங்கே இப்படித்தான் உண்கிறார்கள். டஸ்கனியில் அதற்கு ஃபெத்தூந்தா என்று பெயர். இன்று உணவகங்களில் நாம் காணும் தக்காளிக் குவியல் பின்னால் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த தக்காளி 16ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலியை எட்டிப்பார்த்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் செய்யும் புருஸ்கெட்டா சரியாக வராமல் போனால், பெரும்பாலும் ரொட்டியைக் கவனிக்காமல் தக்காளியை மட்டும் கவனித்ததுதான் அதற்குக் காரணமாக இருக்கும். ரொட்டி நன்றாக இருந்து, அது ஈரத்தில் ஊறிவிடாமல் காக்கப்பட்டால் மற்றவை தாமாகவே அமையும். புதுச்சேரியில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிரமமும் உள்ளன. மொறுமொறுப்பான மேலோடு கொண்ட பிரெஞ்சு முறை ரொட்டி இங்கே எளிதில் கிடைக்கிறது என்பது வசதி. கடற்காற்றின் ஈரப்பதம் அந்த மொறுமொறுப்பைச் சில மணி நேரத்திலேயே பறித்துவிடுகிறது என்பது சிரமம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே கீழ்க்காணும் முறை எழுதப்பட்டுள்ளது.

ரொட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு மிக அருகில் கிடைப்பது, நீண்டு ஒல்லியாக இருக்கும் பிரெஞ்சு ரொட்டியான பகெட். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் தவிர வேறெதுவும் சேராத பகெட்டாக இருந்தால் மிகவும் நல்லது. பிரான்சில் மரபு முறைப் பகெட்டுக்கு ஏறத்தாழ இதையே 1993இல் அரசாணையாகவே வகுத்தார்கள். நல்ல பகெட்டை விரலால் தட்டினால் உள்ளே கூடாக இருப்பது போன்ற ஓசை வரும். மேலோடு ஆழ்ந்த பொன்னிறமாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் உட்பகுதியில் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கற்ற துளைகள் காணப்படும். அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி, வெளிறிய மேலோட்டுடன் இருப்பது வடிவத்தில் மட்டுமே பகெட். அதை வாங்காமல் விடுவதே நல்லது.

பகெட்டைவிடவும் பொருத்தமானது, இயற்கையாகப் புளிக்க வைத்துச் சுடும் சவர்டோ ரொட்டி. ஆரோவில்லிலும் அதை ஒட்டிய குயிலாப்பாளையத்திலும் இத்தகைய ரொட்டிகள் கிடைக்கின்றன. அதன் துண்டு அகலமானது, உட்பகுதி சற்று இழுபடும் தன்மை உடையது, இலேசான புளிப்பு தக்காளியோடு நன்றாகச் சேர்கிறது. இத்தாலியில் புருஸ்கெட்டாவுக்கு இத்தகைய நாட்டுப்புற ரொட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய, சிறிய வட்டத் துண்டுகளை முழுவதும் மொறுமொறுவென்று வாட்டிச் செய்வது குரொஸ்தீனி என்னும் வேறு பலகாரம். புருஸ்கெட்டாவின் துண்டு வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்க வேண்டும். ஆகவே அது தடித்ததாக இருந்தாக வேண்டும்.

பாக்கெட்டில் வரும் வெள்ளைப் பால் ரொட்டி இதற்கு உதவாது. அதிலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் அதை விரைவில் கருகச் செய்கின்றன. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் தக்காளிச் சாற்றில் கணத்தில் குழைந்தும் போகிறது.

கடலூரில் இருப்பவர்கள் புதுச்சேரிக்கு வந்து போகும்போது வாங்கிச் செல்லலாம். தொலைவு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். அது இயலாதபோது வீட்டிலேயே பிசையாமல் செய்யும் ரொட்டி கைகொடுக்கும். 500 கிராம் மைதா, 10 கிராம் உப்பு, 2 கிராம் உலர் ஈஸ்ட், ஏறத்தாழ 340 மில்லி தண்ணீர் ஆகியவற்றைக் கரண்டியால் கலந்து மூடி வைக்க வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகள் 12 முதல் 18 மணி நேரம் புளிக்க வைக்கச் சொல்லும். நம் ஊர் வெயிலில் 6 முதல் 8 மணி நேரமே போதுமானது. மாவு இரட்டிப்பாகி மேற்பரப்பில் குமிழிகள் தோன்றியதும் உருட்டி, அரை மணி நேரம் விட்டு, நன்கு சூடேறிய மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தில் இட்டு, ஓவனில் 230 டிகிரி செல்சியஸில் மூடியோடு 30 நிமிடமும் மூடியின்றி 15 நிமிடமும் சுட வேண்டும். நமது மைதாவில் புரதம் குறைவாக இருப்பதால் வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

காலையில் வாங்கிய பகெட்டை மறுநாள் பயன்படுத்துவது உத்தமம். ஒரு நாள் ஆன ரொட்டி சற்று உலர்ந்திருப்பதால் சீராக வெட்ட வருகிறது, எண்ணெயையும் சாற்றையும் குழையாமல் ஏந்திக்கொள்கிறது. அதைப் பருத்தித் துணியில் சுற்றி வெளியிலேயே வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் ரொட்டியின் மாவுச்சத்து வெளியில் இருப்பதைக் காட்டிலும் விரைவாக இறுகிப் போகிறது. அங்கே ரொட்டி வேகமாகப் பழசாவதன் காரணம் இதுவே. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பூஞ்சை விரைவில் படரும் என்பதால், அப்போது மட்டும் ரொட்டியைத் துண்டுகளாக வெட்டி உறைபெட்டியில் வைத்து, எடுத்த வேகத்தில் அப்படியே சுட்டுக்கொள்ளலாம்.

தக்காளி

இத்தாலியில் இதற்கு விரும்பப்படுபவை, நேப்பிள்ஸ் பகுதியில் விளையும் சான் மார்சானோ போன்ற நீள்வடிவத் தக்காளிகள். அவற்றில் சதை மிகுதி, விதை குறைவு. நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டிலோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலோ நமக்குக் கிடைப்பவை இரண்டு வகை: நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி. பெங்களூர்த் தக்காளிக்குச் சதைப்பிடிப்பு உண்டு, வெட்டினால் வடிவம் குலையாது. ஆனால் சுவை மந்தமாக இருக்கும். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் மணமும் உண்டு. ஆனால் சாறு மிகுதி. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் இரண்டையும் சேர்ப்பதே நல்ல பலன் தருகிறது. இரண்டு பங்கு பெங்களூர்த் தக்காளிக்கு ஒரு பங்கு நாட்டுத் தக்காளி என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறேன். நான்கு பேருக்கு மொத்தம் அரை கிலோ வேண்டும்.

பழுக்காத தக்காளியை வாங்கியிருந்தால் காம்புப் பக்கம் கீழாக இருக்கும்படி கூடையில் இரண்டு மூன்று நாட்கள் வைத்துப் பழுக்க விடுங்கள். தக்காளியைக் குளிரில் வைத்தால் அதன் மணம் மங்கிவிடும். சாம்பாருக்குப் பயன்படுத்தும்போது இந்த வேறுபாடு தெரிவதில்லை. பச்சையாக உண்ணும் புருஸ்கெட்டாவில் அது முழுமையாகத் தெரியும்.

தக்காளியின் எடையில் ஏறத்தாழ 94 விழுக்காடு தண்ணீர். இந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதே செய்முறையின் நடுநாயகமான வேலை. தக்காளியை நான்காகப் பிளந்து, விதையும் அதைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியும் தனியே விழும்படி, கிண்ணத்தின்மேல் வைத்த வடிகட்டியில் வழித்துப் போடுங்கள். சதையை அரை அங்குலச் சதுரங்களாக நறுக்கி, முக்கால் தேக்கரண்டி உப்பைத் தூவிப் புரட்டி, மற்றொரு வடிகட்டியில் 15 முதல் 20 நிமிடங்கள் விட்டுவிடுங்கள். உப்பு சதைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுவதால், எஞ்சும் சதை இறுகுவதோடு சுவையும் அடர்த்தியாகிறது.

வழித்தெடுத்த விதைப்பகுதியைக் குப்பையில் கொட்டுவது பெரும் இழப்பு. தக்காளிக்கு நாவூறும் சுவையைத் தரும் குளூட்டமேட் சதையைவிட அந்தப் பகுதியில்தான் செறிந்திருக்கிறது. அதைக் கரண்டியால் அழுத்தி வடித்து, கிடைக்கும் சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் எண்ணெயோடு கலந்து தக்காளியின்மேல் ஊற்றுவதற்கு அது வேண்டும். மீதமுள்ள சாற்றையும் உப்பிட்ட சதையிலிருந்து வடிந்த நீரையும் அன்றைய ரசத்தில் சேர்த்துவிடலாம். அந்த நீரில் உப்புக் கலந்திருப்பதால் ரசத்தின் உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தோல் மிகத் தடிப்பாக இருந்தால் நறுக்கும் முன் கொதிநீரில் அரை நிமிடம் இட்டு உரித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அதற்குத் தேவை எழுவதில்லை.

எண்ணெய், பூண்டு, இலை, உப்பு

எண்ணெய் இங்கே சமைக்கப்படுவதில்லை, பச்சையாகவே உண்ணப்படுகிறது. ஆகவே எக்ஸ்ட்ரா வெர்ஜின் வகை ஆலிவ் எண்ணெயே வேண்டும். இந்த வகைக்கு அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலகளாவிய வரையறை. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொமேஸ் வகை, பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டது. பொரிக்கலாம், ஆனால் புருஸ்கெட்டாவுக்கு அதில் மணமே இருக்காது. பெரிய டின்னை வாங்கி மாதக்கணக்கில் வைப்பதைவிட, நிறமூட்டிய சிறு கண்ணாடிப் புட்டியை வாங்கி விரைவில் தீர்ப்பது நல்லது. வெளிச்சமும் வெப்பமும் எண்ணெயைக் காறச் செய்யும் என்பதால் அடுப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். நல்ல எண்ணெயை ஒரு துளி நாவில் விட்டால் தொண்டையில் மிளகுபோல் ஒரு காரம் ஏறும். அது குறையன்று, தரத்தின் அடையாளம்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாகச் செக்கு நல்லெண்ணெயைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் இயல்பாகவே எழும். சுட்ட ரொட்டி, பூண்டு, உப்பு ஆகியவற்றோடு நல்லெண்ணெய் மிக நன்றாகவே இருக்கிறது. ஆனால் பச்சைத் தக்காளியோடும் பேசில் இலையோடும் சேரும்போது எள்ளின் மணம் அவற்றை அமுக்கிவிடுகிறது. தக்காளி புருஸ்கெட்டாவுக்கு ஆலிவ் எண்ணெயையும், பின்னர் சொல்லப்போகும் கத்தரிக்காய் வகைக்கு நல்லெண்ணெயையும் வைத்துக்கொள்வதே என் முடிவு.

பூண்டில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மூன்று பற்கள் போதும். சாதாரணப் பூண்டாக இருந்தால் பெரிய பற்களாக ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கித் தக்காளியில் கலக்க வேண்டாம். பூண்டின் திசுக்கள் சிதையும்போதுதான் அதன் காரமான மணம் உருவாகிறது. நறுக்கிய பூண்டு கலவையில் ஊறும் நேரமெல்லாம் அந்தக் காரம் பரவி, மற்ற எல்லாச் சுவைகளையும் விழுங்கிவிடும்.

இலைக்கு வருவோம். இத்தாலியப் பேசில் செடியும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஓசிமம் பசிலிகம் என்னும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. பூசைக்குரிய துளசி வேறு இனம். அதன் கிராம்புக் காரம் தக்காளியோடு ஒட்டுவதில்லை. திருநீற்றுப்பச்சிலையின் மணம் இத்தாலிய வகையைவிடக் கூர்மையானது, சோம்பின் சாயல் உடையது. எனவே இத்தாலிய இலை பதினைந்து போட வேண்டிய இடத்தில் இதன் இளந்தளிர் ஏழெட்டுப் போதும். செடி கிடைக்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். அதைத் தொட்டி மண்ணில் மேலாகத் தூவி ஈரம் காக்க வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பூங்கதிர் தோன்றும்போதெல்லாம் கிள்ளிவிட்டால் இலை நெடுநாள் கிடைக்கும்.

உப்புக்கு மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பை அம்மியில் ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்வது சிறப்பு. சிறு பரல்கள் பல்லில் படும்போது கிடைக்கும் சுவை தூள் உப்பில் கிடைக்காது.

செய்யும் முறை

நான்கு பேருக்கு ஏறத்தாழ 250 கிராம் எடையுள்ள ஒரு பகெட், மேலே சொன்ன அரை கிலோ தக்காளி, ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஆகியவை தேவை.

தக்காளியை உப்பில் வடிய விட்ட பிறகு ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பல் வைத்த ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல் அறுப்பதுபோல், முக்கால் அங்குலத் தடிப்பில் சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால்தான் பகெட்டின் ஒல்லியான உடலிலிருந்து அகலமான துண்டு கிடைக்கும்.

சுடுவதற்குக் கரி அடுப்பே முதன்மையானது. கரி சாம்பல் பூத்துத் தணலாகும்வரை காத்திருந்து, கம்பி வலையின்மேல் துண்டுகளை அடுக்கி, ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் சுட்டால், ஓரங்களில் இலேசாகக் கருகிய புள்ளிகளும் புகை மணமும் கிடைக்கும். மாடியில் குமுட்டி அடுப்பு மூட்ட வசதியுள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. அதற்கு வழியில்லாதவர்களுக்கு இரும்புத் தோசைக்கல் மிக நல்ல மாற்று. கல்லை நடுத்தரத் தீயில் நன்கு காயவைத்து, எண்ணெய் தடவாமல் துண்டுகளை இட்டு, தோசைத் திருப்பியால் இலேசாக அழுத்தி, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டுங்கள். எண்ணெய் தடவிய கல்லில் ரொட்டி வறுபடும், சுடாது; மேற்பரப்பும் வழவழப்பாகிவிடுவதால் பூண்டு அதில் தேயாது. ஓவனில் செய்வதானால் 220 டிகிரியில் ஆறு முதல் எட்டு நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் உட்பகுதி வரை காய்ந்து, கடிக்கும்போது மேலண்ணத்தைக் குத்தும்.

சுட்ட துண்டுகளைத் தட்டில் பரப்பக் கூடாது. அடியில் தேங்கும் நீராவி அவற்றை நனைத்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால் இதில் மிகுந்த கவனம் வேண்டும். கம்பி வலையிலோ, ஒன்றோடொன்று சாய்த்து நிற்க வைத்தோ காற்றாட விடுங்கள்.

துண்டு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, பாதியாக வெட்டிய பூண்டுப் பல்லின் வெட்டுமுகத்தை அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டும். சொரசொரப்பான அந்த மேற்பரப்பு துருவியைப்போல் பூண்டைத் தானே துருவிக்கொள்ளும். சூடு அதன் பச்சை நெடியை அடக்கிவிடும். துண்டு ஆறிய பிறகு தேய்த்தால் பூண்டு ஒட்டாது. உடனே ஒரு தேக்கரண்டிக்குக் குறையாமல் எண்ணெயை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். இந்த எண்ணெய் சுவைக்காக மட்டுமன்று. ரொட்டியின் துளைகளை நிரப்பித் தக்காளிச் சாறு உடனடியாக உள்ளே இறங்காமல் சற்று நேரம் தடுக்கவும் செய்கிறது.

வடிந்த தக்காளியோடு கிள்ளிய இலைகள், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், எடுத்து வைத்த சாறு, விரும்பினால் சிறிது மிளகுத்தூள் ஆகியவற்றைப் பரிமாறும் வேளையில் மட்டும் கலக்க வேண்டும். இலையைக் கத்தியால் நறுக்கினால் ஓரம் கருத்துவிடும், கையால் கிள்ளுங்கள். பால்சமிக் வினிகரைக் காய்ச்சிக் கோடு கோடாக ஊற்றும் வழக்கம் உணவகங்களில் பரவியிருந்தாலும், அதன் இனிப்பு நல்ல எண்ணெயையும் தக்காளியையும் மறைத்துவிடுகிறது என்பதால் அதை நான் சேர்ப்பதில்லை. தக்காளி புளிப்பின்றிச் சப்பென்று இருந்தால் எலுமிச்சைச் சாறு சில துளிகள் போதும்.

பரிமாறுதலும் உண்ணுதலும்

தக்காளியை ரொட்டியின்மேல் வைத்த ஐந்து நிமிடத்துக்குள் அது வாய்க்குப் போக வேண்டும். ஆகையால் விருந்தினர் வரும் முன்னரே அடுக்கி வைப்பதைக் காட்டிலும், எண்ணெயும் பூண்டும் ஏறிய ரொட்டியை ஒரு தட்டிலும் தக்காளியைக் கிண்ணத்திலும் வைத்து, அவரவர் தாமே எடுத்து வைத்துக்கொள்ளும்படி விடுவது மிகவும் பொருத்தமானது. முதல் துண்டை மட்டும் தக்காளி இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு ஆகிய நான்கின் சுவை அதில் தனித்தனியாகத் தெரியும். அதன்பின் தக்காளி என்ன சேர்க்கிறது என்பதும் விளங்கும். பல் வலுவில்லாத பெரியவர்களுக்கு மட்டும் தக்காளியை வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுக்கலாம்.

தக்காளி தவிர்த்த வகைகளும் பல உண்டு. டஸ்கனியில் வேகவைத்த வெள்ளை அவரை விதையை மசித்து வைப்பார்கள். தை, மாசி மாதங்களில் நமக்குக் கிடைக்கும் பச்சை மொச்சை அதற்கு ஈடாக நிற்கிறது. தோல் நீக்கி, இரண்டு பூண்டுப் பற்களோடு வேகவைத்து, கொரகொரப்பாக மசித்து, எண்ணெயும் மிளகும் சேர்த்தால் போதும். கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, உப்பும் எலுமிச்சையும் செக்கு நல்லெண்ணெயும் சேர்த்து மசித்து வைக்கலாம். பேசிலை அரைத்துச் செய்யும் பெஸ்டோவில் பைன் கொட்டைக்குப் பதில் பண்ருட்டி முந்திரியைச் சேர்த்து மெல்லிய பூச்சாகத் தடவினால், அதன்மேல் ஆரோவில்லில் தயாராகும் மொஸரெல்லாச் சீஸின் ஒரு துண்டு அழகாகப் பொருந்தும்.

இத்தாலியர் உப்பிட்ட ஆஞ்சோவி மீனைப் புருஸ்கெட்டாவில் வைப்பது வழக்கம். நம் நெத்திலி அந்தக் குடும்பத்து மீன்தான். கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரி மீன் அங்காடியிலோ வாங்கிய புது நெத்திலியைத் தலை நீக்கி, மஞ்சளும் மசாலாவும் இன்றி உப்பும் மிளகும் மட்டும் தடவி மொறுமொறுவென்று பொரித்து, தக்காளியின்மேல் இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். இந்தக் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான புருஸ்கெட்டா இருக்க முடியாது என்பேன். நெத்திலிக் கருவாடு இதற்கு ஒத்துவராது. அதன் வீச்சம் மற்ற அனைத்தையும் அடித்துவிடும்.

மீந்த தக்காளிக் கலவையை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் மறுநாள் வரை வைக்கலாம். இலையை அப்போது புதிதாகச் சேர்க்க வேண்டும். எண்ணெயில் பச்சைப் பூண்டை ஊறவைத்து வெளியில் சேமிக்கும் பழக்கம் மட்டும் அறவே கூடாது. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர வாய்ப்புண்டு. மீந்த ரொட்டி கல்லாக இறுகியிருந்தால் மேலோட்டில் தண்ணீர் தெளித்து, 200 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் சூடேற்றினால், இறுகிய மாவுச்சத்து நெகிழ்ந்து ரொட்டி மீண்டும் மிருதுவாகும். அப்படி ஒருமுறைதான் மீட்க முடியும். மறுபடி இறுகியதைத் துண்டுகளாகப் பிய்த்து, மீந்த தக்காளி, வெள்ளரிக்காய், மெல்லிதாக நறுக்கிய வெங்காயம், எண்ணெய், சிறிது வினிகர் ஆகியவற்றோடு புரட்டி அரை மணி நேரம் ஊறவைத்தால், டஸ்கனியின் பான்சனெல்லா என்னும் ரொட்டிச் சாலட் மதிய உணவுக்குத் தயாராகிவிடும்.